பரல் வழி

பாலைத்திணைப் பாடல்களைக் கற்றவர்கள் ‘பரல்’ என்னும் சொல்லை மறந்திருக்க மாட்டார்கள். வெயிலில் காய்ந்து கிடந்து, நடப்பவர் காலை உறுத்தும் சிறு கற்களுக்கு அப்பெயர். பொருள் தேடிப் புறப்பட்ட தலைவன் செல்லும் வழியில் பரல் கிடக்கும். உடன்போக்கில் மகள் சென்றுவிட்ட பின்னர், அவளுடைய மெல்லடி அக்கற்களை எவ்வாறு தாங்குமோ என்று தாய் வீட்டிலிருந்து வருந்துவாள். பரல் நிறைந்த வழியை அதன் பரலுக்காகவே விரும்பிச் சென்றவர் எவரையும் அப்பாடல்களில் நான் கண்டதில்லை. பொருளுக்காகச் சென்றனர், காதலுக்காகச் சென்றனர், வேறு வழி இல்லாமையால் கல்லை மிதித்தனர்.

இன்று பரலுக்காகவே செல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுள் நானும் ஒருவன். அது பற்றி என் மனத்தில் எழுந்த ஒரு வழக்கையே இம்மலரில் எழுத விழைகிறேன். தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவனும் நானாகவே இருப்பதால், நடந்ததை மறைக்காமல் சொல்வது ஒன்றே என்னால் ஆகும்.

பதினோர் ஆண்டுகளுக்கு முன் மாற்றல் ஆணை பெற்று டேராடூனுக்கு வந்தேன். மேசை, கோப்பு, மீண்டும் மேசை என்று கழிந்த வாழ்க்கையில் முதுகுவலி வந்து சேர்ந்தது. உடன் பணிபுரியும் இளைஞர் ஒருவர் மிதிவண்டி ஓட்டுமாறு யோசனை கூறினார். அவர் காட்டிய வண்டிக்குக் ‘கிராவல் பைக்’ என்று பெயர். பந்தய வண்டிக்கு உரிய வளைந்த கைப்பிடியும், அதைவிட மிக அகலமான, ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் டயரும் கொண்டது. காற்றைச் சற்றுக் குறைவாக அடைத்தால் டயர் கல்லைத் தழுவி ஏறி இறங்கும். இறுக அடைத்தால் கல்லின்மேல் துள்ளி நம்மைக் கீழே தள்ளும். தார்ச்சாலை முடிகிற இடத்தில் இவ்வண்டியின் இன்பம் தொடங்குகிறது. அதன் விலையைக் கேட்ட என் மனைவி, “இந்த விலைக்கும் இரண்டு சக்கரந்தானா?” என்று வினவினாள். அக்கேள்விக்கு இன்றுவரை நான் விடை சொல்லவில்லை.

டூன் பள்ளத்தாக்கைப் பற்றித் தென்னாட்டு அன்பர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். வடக்கே முசௌரி மலைத்தொடர். தெற்கே சிவாலிக் குன்றுகள். இவ்விரண்டுக்கும் நடுவே தாழ்ந்து நீண்டு கிடப்பது இப்பள்ளத்தாக்கு. மேற்கெல்லையில் யமுனையும் கிழக்கெல்லையில் கங்கையும் சிவாலிக்கைப் பிளந்துகொண்டு சமவெளியில் இறங்குகின்றன. நகரம் அமைந்த பகுதி ஒரு நீர்ப்பிரிமேடு. அதன் ஒரு பக்கம் பெய்த மழை ஆசன் ஆற்றோடு யமுனைக்கும், மறுபக்கம் பெய்த மழை சோங் ஆற்றோடு கங்கைக்கும் போகிறது. அடுத்தடுத்த கூரைகளில் விழுந்த துளிகள் இவ்வாறு பிரிந்து போய்ப் பிரயாகையில் மீண்டும் சந்திக்கக்கூடும். மாற்றலில் பிரிந்த நம்மவர் பல ஆண்டு கழித்துத் தில்லியில் ஒரு திருமணத்தில் சந்தித்துக்கொள்வதைப் போன்றது இது.

இங்குள்ள பரல் நம் ஊர்ச் செம்மண் சரளை அன்று. மலையிலிருந்து ஆறு உருட்டி வந்த கூழாங்கல். ஆற்றில் மேலே செல்லச் செல்லக் கல் பெரிதாகும்; கீழே வர வரச் சிறுத்து உருண்டையாகும். சிவாலிக் குன்றுகளில் பல இடங்களில் பாறையே பழைய ஆற்றுக் கற்கள் ஒட்டி இறுகியதுதான். அது உடைந்து மீண்டும் கல்லாகி ஓடைகளில் கிடக்கிறது. ‘ராவ்’ என்றும் ‘சோத்’ என்றும் வழங்கும் இவ்வோடைகள் ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும். நீர் கல்லுக்கடியில் மறைந்து ஓடும். மழைக்காலத்தில் சில மணி நேரத்தில் வெள்ளம் இறங்கிப் பாதை முழுவதையும் வேறிடத்துக்கு மாற்றிவைத்துவிடும். சோங் ஆற்றங்கரையில் மால்தேவ்தா செல்லும் வழி அழகானது. ஆனால் 2022 ஆகஸ்டில் அதன் மேற்பகுதியில் மேகம் வெடித்துப் பெய்த மழையில் பாலங்களும் வீடுகளும் போயின. அங்கே வழி என்பது ஆறு நமக்குச் சில மாதங்களுக்குக் கொடுத்த இரவல்.

ராய்ப்பூரிலிருந்து தானோ வரையிலான சால மரக்காடு என் உள்ளத்துக்கு மிக நெருங்கியது. இராமன் ஓரம்பால் துளைத்த ஏழு மரங்களை வான்மீகி சாலம் என்றார். கம்பர் மராமரம் என்றார். அம்மரங்களின் நடுவே, பங்குனியில் பழுத்த இலையும் தளிரும் ஒருங்கே நிற்கும் வேளையில், சக்கரத்தின் கீழே கல் நெரியும் ஒலியைக் கேட்டுக்கொண்டு செல்வது தனியான இன்பம். பரல் வழியில் மனம் அலைய இயலாது. இரண்டு கெஜம் முன்னே கிடக்கும் கல்லைக் கண் படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பதவி உயர்வு, வீட்டு வாடகை, மகனின் கணக்கு மதிப்பெண் ஆகிய யாவும் அப்போது மறந்துபோகும். பெரியோர் ஒருமுகப்பாடு என்பதை நான் கல்லில் கற்றேன் என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லி வந்தேன்.

இக்காடுகளோடு தமிழருக்கு வேறொரு தொடர்பும் உண்டு. சிவாலிக் அடிவாரத்தில் 1948-இல் அமைந்த விலங்குப் புகலிடத்துக்கு இராஜாஜியின் பெயரை இட்டனர். பின்னர் 1983-இல் மோதிச்சூர், சில்லா புகலிடங்களையும் சேர்த்து ஏறத்தாழ 820 சதுர கிலோமீட்டரில் இராஜாஜி தேசியப் பூங்கா ஆயிற்று. 2015 முதல் அது புலிகள் காப்பகமும் ஆகும். ஆசிய யானையின் வாழ்விடம் வடமேற்கில் முடிவடைவது இப்பகுதியிலேதான். தொரப்பள்ளியில் பிறந்தவரின் பெயரை இமயத்தின் காலடியில் ஒரு காடு தாங்கி நிற்கிறது என்று எண்ணும்போது, பக்கத்து மாவட்டமான தருமபுரியில் பிறந்த எனக்குச் சற்று நெஞ்சு விம்மத்தான் செய்கிறது. ஆனால் அக்காட்டில் தலைமுறைகளாக எருமை மேய்த்து வாழ்ந்த வன குஜ்ஜர் மக்களுக்கு அப்பெயர் எப்படி ஒலிக்கும்? பூங்காவிலிருந்து அவர்களுட் பலரை வெளியேற்றிப் பத்ரியிலும் கைண்டிகாட்டாவிலும் குடியமர்த்தினார்கள். நமக்குப் பெருமையாக ஒலிக்கும் பெயர் அவர்களுக்கு வெளியேற்ற ஆணையின் தலைப்பாக இருந்தது.

அவர்களுள் ஒருவரைப் பற்றித்தான் நான் எழுத வந்தது.

பூங்காவுக்கு வெளியே, காட்டின் ஓரத்தில் ஒரு சிறு குடியிருப்பு உண்டு. அதன் பெயரைச் சொல்ல வேண்டுவதில்லை. தார்ச்சாலையிலிருந்து அங்குச் செல்ல 4 கிலோமீட்டர். முதல் கிலோமீட்டர் வயல்வெளி, எஞ்சிய மூன்றும் காடு. நடுவே ஒரு வறண்ட ராவைக் கடக்க வேண்டும். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் குழுவுக்கு அது மிகவும் உகந்த வழி. அவ்வழியே பால் கொண்டுவரும் குஜ்ஜர் பெரியவர் ஒருவரை அடிக்கடி காண்போம். ஐம்பது வயதிருக்கும், மருதாணி இட்ட தாடி. பழைய கறுப்புச் சைக்கிளில் இருபுறமும் பால் கேன்கள் தொங்கும். கற்களின்மேல் அவர் ஓட்டி வருவதைக் கண்டு எங்கள் இளைஞர்கள் வியந்து படம் எடுப்பார்கள்.

ஒருநாள் அவர் வண்டியை நிறுத்தி, என்னுடையதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். அதன் இலேசைக் கண்டு முகம் மலர்ந்தது. விலை கேட்டார். உண்மை விலையில் பாதியைச் சொன்னேன். அதற்கே அவர் கண்கள் விரிந்தன. பின்பு, “பாபுஜி, இது எவ்வளவு சுமக்கும்?” என்று இந்தியில் கேட்டார்.

“சுமை ஏற்ற முடியாது, என்னை மட்டுந்தான் சுமக்கும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் சொன்னது விளங்காதவர் போல வண்டியைச் சுற்றி ஒருமுறை பார்த்து, ஏதோ ஒன்றைக் காணாதவர் போலத் திரும்பித் தம் கேன்களைச் சரிசெய்துகொண்டு சென்றார்.

அவ்வாண்டு மாசி மாதம் அப்பாதையைத் தார்ச்சாலையாக்க ஏற்பாடு நடப்பதாகச் செய்தி வந்தது. எங்கள் குழுவில் பெருங்கவலை. எதிர்ப்பு மனு ஒன்று அனுப்புவதென முடிவாயிற்று. அலுவலக நடை அறிந்தவன் நான் என்பதால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டு பக்கம் எழுதினேன். யானைகள் அவ்வழியைக் கடக்கின்றன. தார் போட்டால் இரவில் வண்டிகள் விரையும். பின்னாலேயே மனை விற்பவர்கள் வருவார்கள். சால மரங்கள் வீழும். இவற்றுள் ஒன்றேனும் பொய் அன்று. தானோக் காட்டிலேயே 2020-இல் விமான நிலைய விரிவாக்கத்துக்காக ஏறத்தாழ 10,000 மரங்களை வெட்டும் திட்டம் எழுந்து, இளைஞர்கள் மரங்களைக் கட்டியணைத்துப் போராடியதை ஊரே அறியும். கரடுமுரடான பாதையில் எவனும் விரைந்து செல்ல முடியாது. அக்கரடே யானைக்குக் காவற்காரன். மனுவின் இறுதியில் ‘பொதுநலன் கருதி’ என்று எழுதி 23 பேரிடம் கையொப்பம் பெற்று அனுப்பினேன்.

எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. அவ்வழியில் வண்டி ஓட்ட எங்களுக்கு இன்பமாக இருக்கிறது என்பதே அது. யானை இல்லாதிருந்தாலும் அம்மனுவை நான் எழுதியிருப்பேன். வேறு காரணம் தேடியிருப்பேன். சொன்னவை யாவும் உண்மையாயிருக்க, சொல்லவைத்த நோக்கம் மட்டும் வேறாயிருந்தால், அம்மனு மெய்யா பொய்யா? தருமன் அசுவத்தாமன் பெயரைச் சொல்லி யானை என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னான். நானோ யானையை உரக்கச் சொல்லி என்னை மறைத்துக்கொண்டேன்.

பணி தொடங்கவில்லை. எங்கள் மனுவால்தான் நின்றது என்று சொல்லமாட்டேன். ஒரு கோப்பு நிற்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. ஆயினும் கோப்பில் எதிர்ப்பு என்று ஒரு தாள் கிடந்தால் அதனைத் தள்ளிவைக்க வசதியாயிருக்கும் என்பதை, இருபது ஆண்டு மேசையில் அமர்ந்த நான் அறியேனா?

ஆவணி மாதத்தில் மழை சிறிது ஓய்ந்த ஒரு ஞாயிறன்று தனியே சென்றேன். ராவில் முழங்காலளவு கலங்கல் நீர். எதிரே நால்வர் ஒரு கயிற்றுக் கட்டிலைச் சுமந்து வந்தனர். முன்கால் ஒன்றைப் பிடித்திருந்தவர் பால்காரப் பெரியவர். கட்டிலில் அவருடைய தாய். மாட்டுக்கொட்டிலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. நான் வண்டியைச் சால மரத்தில் சாத்திவிட்டு, தளர்ந்துபோன இளைஞன் ஒருவனிடமிருந்து கட்டிற்காலை வாங்கிக்கொண்டேன்.

எந்தக் கற்களைக் கண்ணால் படித்து மகிழ்ந்தேனோ அவற்றைக் காலால் தடவிக்கொண்டு நடந்தேன். உருண்டைக் கல்லில் கால் புரளும்போதெல்லாம் கட்டில் ஒரு விரற்கடை சாயும். அப்போது அம்மூதாட்டி கத்தவில்லை, மூச்சை உள்ளிழுப்பார். அவ்வொலி என் காதருகே கேட்டது. தார்ச்சாலையை அடைய இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஆம்புலன்ஸ் அங்கே காத்து நின்றது. பெரியவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மனு எழுதியவன் நான் என்பதை அவர் அறியார். நானும் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. நோன்பு, பட்டினி என்று தமிழில் இரண்டு சொற்கள் உள்ளன. இரண்டிலும் வயிறு காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் நோன்பிருப்பவன் விடிந்தால் உண்பான். பட்டினிக்கு விடியல் குறிக்கப்படவில்லை. பழனிக்குப் பாதயாத்திரை செல்வோர் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கின்றனர், அது தவம். ஆதலால் உழவனுக்குச் செருப்பு வேண்டா என்று அவர்கள் சொல்வதில்லை. நானோ ஞாயிறுதோறும் மூன்று மணி நேரம் தவம் செய்வதற்காக, ஓர் ஊர் ஆண்டு முழுதும் பட்டினி கிடக்கட்டும் என்று விண்ணப்பம் எழுதியிருக்கிறேன்.

என் சொந்த ஊர் நினைவும் வந்தது. எங்கள் ஊருக்குத் தார்ச்சாலை 1989-இல் வந்தது. அதற்கு முன்பு, பிரசவ வலியோடு மாட்டுவண்டியில் ஏற்றிச் சென்ற என் அத்தை வழியிலேயே இறந்தாள். சாலை வந்த நாளை அப்பா ஏதோ பிள்ளை பிறந்த நாளைப் போல் குறித்து வைத்திருந்தார். அச்சாலையில் வந்த பேருந்தில் ஏறித்தான் நான் கல்லூரிக்குச் சென்றேன், பி.ஏ. முடித்துத் தேர்வெழுதி வடக்கே வந்தேன். “ரோடு வந்துச்சு, பேரனைக் கொண்டுபோச்சு” என்று பாட்டி சொல்வாள். விடுமுறைக்கு ஊர் செல்லும்போதெல்லாம், புளியமரங்கள் போய்விட்டன, களத்துமேட்டில் கடை வந்துவிட்டது என்று நான் குறைபட்டுக்கொள்வேன். சிற்றப்பா மகன் ஒருமுறை, “அண்ணா, நீ வருஷத்துல பத்து நாள் பார்க்கிறதுக்காக நாங்க முந்நூத்தைம்பது நாளும் அப்படியே இருக்கணுமா?” என்று கேட்டுச் சிரித்தான். வெளியூர் வாழும் நம்மில் பலர் இக்கேள்வியை ஏதாவது ஒரு திண்ணையில் கேட்டிருப்போம். அன்று அவனோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன். கட்டிலைத் தூக்கிய இரவில் சிரிப்பு வரவில்லை.

எனினும், தார் போட்டுவிட்டால் அறம் நிறைவேறிவிடும் என்று எழுதவும் என்னால் முடியவில்லை. யானையும் கட்டிலில் கிடந்த தாயைப் போல வாயில்லாததே. இதே மாநிலத்தில் கோட்துவாரையும் ஹரித்வாரையும் இணைக்கும் லால்டாங்–சில்லர்கால் காட்டுவழி பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இராஜாஜிக் காட்டுக்கும் கார்பெட் காட்டுக்கும் இடையே விலங்குகள் நடமாடும் நிலம் அது. ஊராருக்கோ சமவெளி மாநிலத்தைச் சுற்றாமல் செல்லும் நேர்வழி. எவர் பக்கம் நிற்பது? முசௌரிச் சரிவிலிருந்த சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள் பலவற்றை 1985-இல் உச்ச நீதிமன்றம் மூடச் சொன்னபோது, வேலை இழக்கும் தொழிலாளருக்குக் காடு வளர்ப்பில் இயன்றவரை வேலை தருமாறும் கூறியது. அது எவ்வளவு நிறைவேறியது என்பது வேறு. மலையைக் காக்கும் செலவு எவன் தலையில் விழுகிறது என்று கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதியதை நான் மதிக்கிறேன். எங்கள் மனுவில் அக்கேள்வி இல்லை. செலவு முழுவதையும் பால்காரர் தலையில் எழுதிவிட்டு, கையொப்பம் மட்டும் நாங்கள் போட்டிருந்தோம்.

எழுத்தனுக்குத் தெரிந்த பரிகாரம் எழுத்துத்தான். வன உரிமைச் சட்டம், 2006-ஐ எடுத்துப் படித்தேன். காட்டில் வாழ்வோருக்குச் சாலை, பள்ளி, மருந்தகம் முதலிய வசதிகளுக்காகக் கிராம சபையின் பரிந்துரையோடு நிலம் ஒதுக்க அதில் இடமுண்டு; ஒவ்வொன்றுக்கும் நிலம் ஒரு ஹெக்டேருக்குக் குறைவாகவும், வெட்டும் மரம் ஹெக்டேருக்கு 75-க்கு மிகாமலும் இருக்க வேண்டும். கணக்குப் போட்டேன். காட்டுக்குள் 3 கிலோமீட்டர், அகலம் 5 மீட்டர் என்றால் 15,000 சதுர மீட்டர், அதாவது ஒன்றரை ஹெக்டேர், சட்டம் இடந்தராது. அகலம் 3 மீட்டர் என்றால் 9,000 சதுர மீட்டர், இடந்தரும். ஓர் ஆம்புலன்ஸ் செல்ல மூன்று மீட்டர் போதும். இரண்டு லாரிகள் எதிரெதிரே விரையப் போதாது.

இரண்டாம் கடிதம் எழுதினேன். இம்முறை கையொப்பம் ஒன்றுதான். முந்தைய மனுவை வரைந்தவன் நானே என்பதையும், அதில் எங்கள் பொழுதுபோக்கைக் குறிப்பிடாமல் விட்டதையும் எழுதினேன். மூன்று மீட்டர் சாலை, ராவில் வெள்ளத்தைத் தடுக்காத தாழ்ந்த கற்பாலம், இரவில் நோயாளிக்கு மட்டும் திறக்கும் தடுப்பு ஆகியவற்றைப் பரிந்துரைத்தேன்.

எவருக்கும் மகிழ்ச்சியில்லை. குழுவில் இருவர் என்னோடு வருவதை நிறுத்திக்கொண்டனர். காட்டைக் காட்டிக்கொடுத்தவன் என்பது அவர்கள் கருத்து. அதில் நியாயம் இல்லாமலில்லை. சாலைகள் மூன்று மீட்டரில் நின்றுவிடுவதில்லை என்பதை நானும் கண்டிருக்கிறேன். பால்காரப் பெரியவரிடம் இரண்டு கடிதங்களையும் பற்றிச் சொன்னேன். முதலாவதைக் கேட்டபோது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவதைக் கேட்டு, “இரவில் எங்கள் ஊருக்கு எதற்குப் பூட்டு? உங்கள் தெருவுக்குப் பூட்டு உண்டா?” என்றார். யானைக்காக என்றேன். “யானையோடு இருப்பவர்கள் நாங்கள்” என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை. அவர் தாய் இப்போது கோலூன்றி வாசல் வரை நடக்கிறாராம்.

கோப்பு எங்கோ ஒரு மேசையில் இருக்கிறது. நான் இன்னும் அவ்வழியே செல்கிறேன். இன்பம் குறைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். கல் நெரியும் ஒலி இன்னமும் இனிக்கவே செய்கிறது. சென்ற ஞாயிறு ராவின் அருகே பின்னாலிருந்து மணியோசை கேட்டது. பெரியவர் நிறைந்த கேன்களோடு வந்துகொண்டிருந்தார். தேய்ந்த தடம் ஒன்றுதான் அங்கே உண்டு, இருபுறமும் பெருங்கற்கள். வண்டியிலிருந்து இறங்கி அதைக் கற்களின்மேல் தூக்கி வைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அவர் தலையசைத்துவிட்டுக் கடந்து சென்றார்.